உரித்த தகட்டை எத்தனை நாள் வெறுமனே விடலாம்? குமரி மாவட்டத்தில் கார் பிரைமர் வேலை

திங்கள்நகர் வாசகரின் கேள்வி, 03-06-2024

1986ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்றின் பழைய பெயின்டை முழுவதுமாக உரித்து வெறுந்தகடாக்கி விட்டோம். டிங்கரிங் வேலை முடிய இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை தகட்டில் என்ஜின் ஆயில் தடவி வைத்தால் துரு பிடிக்காது, பிறகு துடைத்துவிட்டு ரெட் ஆக்சைடு அடித்துப் பட்டி பார்க்கலாம் என்று பெயின்டர் சொல்கிறார். இது சரியா, ஐயா?

03-06-2024, இரவு

ஆயில் தடவ வேண்டாம். உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் இறங்கிய ஆயிலையாவது பெரும்பாடு பட்டு எடுத்துவிடலாம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புகளுக்குள் இறங்கிய ஆயிலை எந்தத் தின்னராலும் முழுவதுமாக வெளியே கொண்டுவர முடியாது. பெயின்ட் வேலை எல்லாம் முடிந்து, வண்டி நல்ல வெயிலில் நிற்கும்போது அது மடிப்பு வழியாகக் கசிந்து பூச்சைத் தூக்கும்.

இரண்டு வாரம் என்பது இந்த மாவட்டத்தில், அதுவும் ஜூன் மாதத்தில், வெறுந்தகட்டுக்கு மிக நீண்ட காலம். உங்கள் ஊரிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. தகட்டை உடனே சுத்தம் செய்து இரண்டு கோட்டு எபாக்சி பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்துவிடுங்கள். டிங்கரிங் வேலையை அதற்குப் பிறகு செய்யட்டும். சுத்தியல் படும் இடத்திலும் வெல்டிங் வைக்கும் இடத்திலும் பிரைமரை அரைத்து எடுக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளங்கை அளவு இடங்கள். அவற்றுக்கு மட்டும் மறுபடியும் பிரைமர் அடித்தால் போதும். வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றிச் சற்று அகலமாகவே அரைத்துவிட வேண்டும், ஏனெனில் எரியும் எபாக்சியின் புகை மூச்சுக்கு ஆகாது.

04-06-2024

எபாக்சி செய்வதை ரெட் ஆக்சைடு ஏன் செய்யாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு பெரும்பாலும் ஆல்கிட் ரெசினில் இரும்பு ஆக்சைடு நிறமி கலந்தது. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அது ஏற்றதுதான். ஆனால் அந்தப் படலம் ஈரத்தை மெதுவாக உள்ளே விடும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனால் மெல்ல மெல்ல இறுகுவது. பாதி இறுகிய நிலையில் அதன்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டோ, இறுகச்செய்யும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பிரைமரோ அடித்தால், அவற்றிலுள்ள கடுமையான தின்னர் கீழே இறங்கி ரெட் ஆக்சைடைச் சுருக்கித் தூக்கிவிடும். வேலை முடிந்த பானெட்டில் தோல் சுருங்கியது போன்ற வரிகள் எழுந்தால், பலர் மேல் பெயின்டைக் குறை சொல்வார்கள். உண்மையான காரணம் அடியில் இருக்கும்.

எபாக்சி பிரைமர் இரண்டு பாகம் கொண்டது. ரெசினும் ஹார்டனரும் கலந்ததும் அவை ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து இறுகுகின்றன. இறுகிய பின் தின்னர் அதைக் கரைக்காது, நீரும் எளிதில் ஊடுருவாது. உப்புத்தாள் கீறிய வெறும் இரும்பை அது நேராகப் பிடித்துக்கொள்ளும். சில வகைகளைக் கலந்தபின் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்துதான் அடிக்க வேண்டும். சிலவற்றை உடனே அடிக்கலாம். டப்பாவுடன் வரும் தாளில் கலவை விகிதம், காத்திருக்கும் நேரம், அடுத்த கோட்டுக்கான கால அளவு ஆகிய மூன்றும் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண் மதிப்பில் ஹார்டனர் ஊற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

04-06-2024, சற்று நேரம் கழித்து

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எட்ச் பிரைமர் என்று தனியாக ஒன்று உண்டு. பாலிவினைல் பியூட்டிரால் ரெசினும் பாஸ்பாரிக் அமிலமும் கொண்ட அது இரும்பைச் சற்றே அரித்துப் பற்றிக்கொள்ளும். அதைக் கண்ணாடி போல மெல்லியதாக, ஏறத்தாழ 8 முதல் 13 மைக்ரான் கனத்தில், அடியிலுள்ள தகடு தெரியும்படி அடிப்பதுதான் முறை. எட்ச் அடித்தால் அதன்மேல் 2கே பிரைமர். எபாக்சி அடித்தால் அடியில் எட்ச் வேண்டாம். எட்ச்சில் எஞ்சும் அமிலம் எபாக்சியின் ஹார்டனரைக் கெடுக்கும் என்பதால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்தச் சேர்க்கையை அனுமதிப்பதில்லை. "இரண்டையும் அடித்தால் இரட்டைப் பாதுகாப்பு" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பாலியஸ்டர் பட்டியையும் எட்ச் மேல் நேராகப் போடக் கூடாது.

07-06-2024

குளச்சலிலிருந்து ஒரு வாசகர், எபாக்சிதான் அடித்தோம், ஆனாலும் கதவின் அடிப்பகுதியில் கொப்புளம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இந்த இழையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதற்கான பதிலில்தான் இருக்கிறது: நம் மாவட்டத்தில் பிரைமரின் பிராண்டை விட, பிரைமருக்கு முன் தகட்டைத் தொட்ட தண்ணீர்தான் பெரிதும் தீர்மானிக்கிறது.

முட்டம் பக்கத்திலிருந்து பிரீமியர் பத்மினியின் கதவு ஒன்று என் பட்டறைக்கு வந்தது. வேறொரு பட்டறையில் பெயின்ட் அடித்து ஓர் ஆண்டுகூட நிறைவடையாதது. வெளியிலிருந்து பார்த்தபோது கீழ் விளிம்பில் கடுகளவுக் கொப்புளங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கத்தி முனையால் கீறியதும் உள்ளிருந்து ஒரு சொட்டு நீர் வெளியே வந்தது. அடியில் சிவப்புத் துரு இல்லை; வட்டமான கரும்புள்ளி இருந்தது. ஆக்சிஜன் அதிகம் எட்டாத இடத்தில் இரும்பு அப்படித்தான் கறுக்கும். பூச்சு கிழியவில்லை, கீறலும் இல்லை. அப்படியானால் நீர் எப்படி உள்ளே போனது?

தகட்டில் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருந்திருக்கிறது. எந்தப் பூச்சும் நீராவியைச் சிறிதளவாவது உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த நீரை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்த நீர் படலத்தைத் தூக்கும். தூக்கிய இடத்தில் துரு தொடங்கும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இங்கே நடக்கிறது.

உப்புத்தாள் இந்த உப்பை நீக்காது; தேய்த்துப் பரப்பும். தின்னர் நீக்காது, ஏனெனில் குளோரைடு உப்புகள் தின்னரில் கரைவதில்லை. நல்ல தண்ணீர் மட்டுமே நீக்கும். இங்கேதான் நம் ஊரின் சிக்கல் வருகிறது. மணக்குடி, தாமரைக்குளம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் உள்ள பல போர்வெல்களின் நீர் உவர்ப்பானது. அந்த நீரை வாளியில் பிடித்து, வாட்டர் பேப்பர் (தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு, அதே நீரால் கழுவி, வெயிலில் காயவிட்டால், கடற்காற்று சில நாளில் செய்வதை நாமே ஒரே காலையில் செய்து முடித்தவர்களாகிறோம்.

என் பட்டறையில் நான் பின்பற்றும் முறை இது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். குடிநீர் சுத்திகரிப்பான் பழுது பார்ப்பவர்கள் கையில் வைத்திருப்பார்களே, அதுதான். அது உப்பின் வகையைச் சொல்லாது. ஆனால் எந்த வாளி நீரைத் தகட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடும். முதல் கழுவல் நல்ல குழாய் நீரில், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு. கடைசிக் கழுவல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். கடையில் கேட்கும்போது கவனம் வேண்டும்: பேட்டரி ஆசிட்டும் ஏறக்குறைய அதே மாதிரிக் கேனில்தான் விற்கப்படுகிறது. கழுவிய மறுநிமிடமே ஏர் கன்னால் மடிப்புகளை ஊதி, ஹீட் கன்னால் தகட்டை இளஞ்சூடாக்கி உலர்த்த வேண்டும். அப்போது தகட்டின்மேல் இலேசான மஞ்சள் சாயல் படிந்தால் அஞ்ச வேண்டாம். புதிய 120ஆம் நம்பர் உப்புத்தாளால் உலர் நிலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு அன்றே எபாக்சி அடித்துவிட வேண்டும்.

07-06-2024, மாலை

"வெறுந்தகட்டில் தண்ணீரே படக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களே?" என்று கேட்கிறார்கள். கடலிலிருந்து விலகிய ஊர்களில், வீட்டுக்குள் வைத்து உரித்த தகட்டுக்கு அந்த விதி பொருந்தும். கடலோரத்தில் திறந்த கொட்டகையில் கிடந்த தகட்டுக்குப் பொருந்தாது. குலசேகரத்தில் இருப்பவரும் குளச்சலில் இருப்பவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டியதில்லை.

08-06-2024

காற்றின் ஈரம் பற்றி.

தொழிற்சாலைப் பூச்சு வேலைகளில் நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கப்படும் விதி ஒன்று உண்டு: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியை விடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். பனிப்புள்ளி என்பது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. மழைக்காலக் காலையில் காற்று 28 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமும் இருந்தால், பனிப்புள்ளி ஏறத்தாழ 25 டிகிரி. இரவு முழுவதும் சிமென்ட் தரையில் கிடந்து குளிர்ந்த கதவு 26 டிகிரியில் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படியும் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. அதே நாள் நண்பகலில் காற்று 32 டிகிரிக்கு ஏறி ஈரப்பதம் 60 சதவீதமாகக் குறைந்தால், பனிப்புள்ளி ஏறத்தாழ 23 டிகிரி. அப்போது அச்சமின்றி அடிக்கலாம்.

ஆகவே காலை ஆறு மணிக்கு வெயில் ஏறுவதற்கு முன் அடித்து முடித்துவிடலாம் என்ற பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் என்பதே எனக்குப் பொருந்துகிறது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஈரம் குறைவு. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருவதால், அங்கே கொட்டகையின் மேற்குப் பக்கத்தை அடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வண்டியை முழுவதுமாக உரிக்க நினைப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கம்ப்ரசரையும் மறக்கக் கூடாது. ஈரமான காற்றை அழுத்தினால் டேங்குக்குள் நீர் சேரும். காலையிலும் மதியமும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். நீர்ப் பிரிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே பொருத்தினால் பெரிய பயன் இல்லை. காற்று அங்கே சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே கடந்துவிடும். நீண்ட குழாயில் ஓடிக் குளிர்ந்த பிறகு, பெயின்ட் அடிக்கும் கன்னுக்கு அருகில் பொருத்தினால்தான் பிடிக்கும்.

08-06-2024

கையுறை போடுங்கள். வியர்வையும் உப்புதான். சுத்தம் செய்த தகட்டில் வைத்த கை அடுத்த நாள் விரல் ரேகையோடு துருவாகத் தெரியும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் கைவழியே தகட்டுக்கு வந்தால், பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

11-06-2024

மண்ணெண்ணெயால் துடைத்தால் போதாதா என்ற கேள்விக்கு: போதாது. மண்ணெண்ணெய் தானே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். மலிவான என்.சி. தின்னரிலும் கழிவெண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அது மிக விரைவாக ஆவியாவதால், கரைத்த அழுக்கை அங்கேயே திரும்பப் படிய வைத்துவிடும். வாக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு துணியால் நனைத்துத் தடவி, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பதுதான் முறை. பனியன் வேஸ்ட் பயன்படுத்தினால் வெள்ளைத் துணியாகப் பொறுக்கி எடுங்கள். சாயத் துணியின் நிறம் தகட்டில் இறங்கும். இந்தத் துடைப்பை உப்புத்தாள் போடுவதற்கு முன்னும் ஒருமுறை செய்ய வேண்டும். இல்லையென்றால் மேலே இருந்த கிரீஸை நாமே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவோம்.

12-06-2024

குலசேகரம் வாசகர், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டில் நிறைய இருக்கிறது, துருவை அது நன்றாகக் கரைக்கிறது, அதையே தகட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்.

அது பார்மிக் அமிலம். துருவைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கரைந்து உருவாகும் இரும்பு உப்பு நீரில் கரையக்கூடியது. மடிப்புக்குள் தங்கினால் 07-06 அன்று சொன்ன கொப்புளக் கதைதான். கழிவறை கழுவும் ஆசிட் இன்னும் கேடானது, ஏனெனில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தகட்டில் நேராகக் குளோரைடைக் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். பாஸ்பாரிக் அமிலம் கொண்ட ரஸ்ட் ரிமூவர்தான் இதற்கு உரியது. 80ஆம் நம்பர் டிஸ்க் எட்டாத துருக் குழிகளில் அதைத் தடவி, காயவிடாமல் ஸ்காட்ச் பிரைட் கொண்டு தேய்க்க வேண்டும். இடையில் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல், மறுபடியும் அதே அமிலத்தால் நனைத்துக் கரைத்த பிறகே கழுவ வேண்டும். கழுவி உலர்த்தி, மறுபடி உப்புத்தாள் போட்டு, அதன்பின் எபாக்சி. அமிலத்தின் வெண்சாம்பல் படலம் மீதமிருக்கும் இடத்தில் எபாக்சி அடித்தால் பிடிமானம் கெடும். கம்பி பிரஷ் சக்கரம் குழியிலுள்ள துருவைப் பளபளப்பாக்கும், வெளியே எடுக்காது; அந்தப் பளபளப்பைக் கண்டு சுத்தமாகிவிட்டதாக எண்ணிவிட வேண்டாம்.

15-06-2024

"என் மாமனாரின் அம்பாசிடர் ரெட் ஆக்சைடும் என்.சி. பட்டியும் கொண்டு பெயின்ட் அடித்ததுதான், பல ஆண்டுகள் நன்றாக இருந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. அந்த வேலையைச் செய்த கோட்டாறு, வடசேரிப் பெயின்டர்கள் கைத்திறன் மிக்கவர்கள். ஒரு வண்டிக்கு ஒரு மாதம் கூட எடுத்துக்கொண்டார்கள், ஒவ்வொரு கோட்டையும் முழுவதுமாகக் காயவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை மறுபடி பெயின்ட் அடிப்பதும் அன்று வழக்கமாக இருந்தது. இன்று நான்கு நாளில் வண்டியைக் கேட்கிறோம். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மாற்றுத் தகடும் எளிதில் கிடைப்பதில்லை. இருக்கும் தகட்டைக் காப்பதுதான் இப்போதைய வேலை.

16-06-2024

பட்டி எபாக்சிக்குக் கீழா, மேலா? இரண்டு முறையும் உண்டு. நம் காற்றுக்கு மேலேதான் என்பது என் உறுதியான கருத்து. பாலியஸ்டர் பட்டியில் டால்க் தூள் நிறைய இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் நீரைக் குடிப்பது போல அது ஈரத்தைக் குடிக்கும். அடியில் வெறுந்தகடு இருந்தால் குடித்த ஈரம் நேராக இரும்பை அடையும். எபாக்சி இருந்தால் அதோடு நின்றுவிடும். எபாக்சி இறுகிய பின் 180ஆம் நம்பர் உப்புத்தாளால் தகடு தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட்டுப் பட்டி போடுங்கள்.

இதே காரணத்தால் பாலியஸ்டர் பட்டியின்மேல் வாட்டர் பேப்பர் கூடாது. தூசி பறக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தூசிக்கு மாஸ்க்தான் தீர்வு, தண்ணீர் தீர்வாகாது. வாட்டர் பேப்பரை 2கே பிரைமர் முழுவதுமாக மூடி இறுகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல தண்ணீரில்.

17-06-2024

புதிய பானெட் கறுப்புப் பூச்சோடு வந்திருக்கிறது, அதை உரிக்க வேண்டுமா? நிறுவன ஒரிஜினல் தகடு என்றால் அது மின்முறையில் தோய்த்து எடுத்த ஈ.டி. பூச்சாக இருக்கும், மடிப்புக்குள்ளும் புகுந்திருப்பதால் அதை விடச் சிறந்த அடிப்பூச்சைப் பட்டறையில் நம்மால் போட முடியாது. 320ஆம் நம்பர் தாளால் மங்கலாக்கினால் போதும். மலிவான தகடுகளில் கப்பலில் துரு பிடிக்காமலிருக்க மட்டும் ஏதோ ஒரு கறுப்பு அடித்திருப்பார்கள். தின்னர் நனைத்த துணியை ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு கரைந்து துணியில் வந்தால் முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

19-06-2024

கடற்கரை மணலைச் சலித்துச் சாண்ட் பிளாஸ்டிங் செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். அந்த மணலில் உப்பு இருக்கிறது. அதிலுள்ள சிலிக்கா தூளானால் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தரும். மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கார்னெட், பிளாஸ்டிங்குக்கு உலகெங்கும் பயன்படும் பொருள். அங்கேயே பிரியும் இல்மனைட்டோ, வெள்ளை பெயின்டுக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு மூலப்பொருள். ஆயினும் கார்னெட்டையும் ஜீப்பின் சேஸ், வீல் டிஸ்க் போன்ற கனத்த பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கார்களின் வெளித் தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான், துகள்கள் ஒரு பக்கத்தை மட்டும் அடித்து விரிப்பதால் பானெட் வளைந்துவிடும், வளைந்ததை டிங்கரால்கூட நேராக்க முடியாது.

19-06-2024

2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை வரவழைக்கும், ஒருமுறை வந்தால் அந்தத் தொழிலில் தொடர்வதே கடினமாகிவிடும். எபாக்சி ஹார்டனர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மஞ்சள் நிறப் பழைய ஜிங்க் குரோமேட் பிரைமரில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் தம்பிமார்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க் என்பது குறைந்தபட்சம். 2கே அடிக்கும்போது வெளியிலிருந்து தூய காற்று வரும் மாஸ்க்தான் சரி.

24-06-2024

திங்கள்நகர் வாசகர் எபாக்சி அடித்துவிட்டதாகவும், கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் ஊசித்துளை போலத் துரு எட்டிப்பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். மழை பெய்துகொண்டிருப்பதால் ஒரு வாரமாக அடுத்த கோட்டும் அடிக்கவில்லையாம்.

கோட்டுக்கான கால அளவு கடந்துவிட்டதால் முழு வண்டியையும் 320ஆம் நம்பர் தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த கோட்டு. அப்படியே அடித்தால் பிடிக்காது. கூரை வாய்க்காலில் தெரிவது மடிப்புக்குள்ளிருந்து வரும் துரு. மடிப்பை அடைத்திருக்கும் பழைய சீலரை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, மெல்லிய ஸ்குரூ டிரைவரால் மடிப்பைக் குத்திப் பாருங்கள். தகடு நொறுங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். மடிப்புக்குள் வெல்டிங் செய்யுமுன் துத்தநாகம் கலந்த வெல்ட்-துரூ பிரைமரை (அதன்மேலேயே வெல்டிங் வைக்கலாம்) இரு முகங்களிலும் அடியுங்கள். தகடு நொறுங்காமல் உறுதியாக இருந்தால், பாஸ்பாரிக் அமிலத்தை மடிப்புக்குள் விட வேண்டாம், கழுவி எடுக்க வழியில்லை. ஹீட் கன்னால் நன்றாக உலர்த்தி, தின்னர் சற்றுக் கூட்டிய எபாக்சியைத் தூரிகையால் மடிப்புக்குள் ஓடவிடுங்கள். அது இறுகிய பிறகு சீம் சீலர், அதன்மேல் 2கே பிரைமர். சீலரை வெறுந்தகட்டில் நேராகப் போடக் கூடாது. கதவின் அடி விளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகளைச் சீலரோ பட்டியோ அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஊசி விட்டுப் பார்த்த பிறகே மேல் பெயின்டுக்குப் போங்கள்.